கொள்கலன் நிற்கும் தரை

கொழும்புத் துறைமுகம் 2018 இல் கையாண்ட கொள்கலன்கள், இருபதடி அலகுகளாகக் கணக்கிட்டால், 70 இலட்சத்தைத் தாண்டின. பாரந்தூக்கிகளின் உயரத்தையும் கப்பல்களின் நீளத்தையும் பற்றிப் பத்திரிகைக்காரர் நாம் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறோம். அவ்வளவு பாரத்தையும் தாங்கும் தரையைப் பற்றி எழுதியவர் அரிது.

கொள்கலன் தளத்தை அகலமானதொரு வீதியாக எண்ணுவதே முதற் கோளாறு. வீதியில் பாரவூர்தியின் ஓர் அச்சில் இறங்குவது பத்துத் தொன் அளவு. நிறைகொள்கலனை ஏந்திச் செல்லும் 'ரீச் ஸ்டக்கர்' வாகனத்தின் முன்னச்சிலோ சுமார் 100 தொன் இறங்கும். அடுக்கி வைத்த பெட்டிகள் இன்னும் பொல்லாதவை. பெட்டியின் அடிப்பரப்பு தரையைத் தொடுவதில்லை; 178க்கு 162 மில்லிமீற்றர் அளவான நான்கு மூலைக் கால்களே தொடுகின்றன. ஐந்தடுக்கில், நான்கு பெட்டிகளின் மூலைகள் கூடுமிடத்தில், எல்லாப் பெட்டிகளும் நிறைந்திரா என்று 40 சதவீதம் கழித்த பின்னரும் ஏறத்தாழ 91 தொன் நிற்கிறது. 1982 முதல் பல பதிப்புகள் கண்ட ஜோன் நாப்டனின் கைநூல் காட்டும் கணக்கு இது.

இதைக் கேட்டதும் நம்மவர் சொல்லும் மருந்து ஒன்றே: தடிப்பைக் கூட்டு, கம்பியைப் போடு. தடிப்பு உதவும், மறுக்கவில்லை. அதை இரட்டித்தால் வளைவுத் தகைப்பு ஏறத்தாழக் காற்பங்காகும். ஆனால் இத்தகைய தளங்களில் இடப்படும் மெல்லிய கம்பிவலை பாரத்தைச் சுமப்பதில்லை. விழுந்த வெடிப்பு விரியாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. ஒரே பாரம் தட்டின் நடுவிலும் பார்க்க ஓரத்திலும் மூலையிலும் அதிகம் வருத்தும் என்பதை வெஸ்டர்கார்ட் 1926 இலேயே கணித்துக் காட்டினார். ஆகவே மூட்டுகளே நோயின் வாசல். அவ்வழியே நீர் இறங்குகிறது. ஒவ்வொரு சில்லும் கடக்கையில் தட்டு அமுங்கி, நீரோடு நுண்மண்ணையும் வெளியே துப்புகிறது. அடியில் வெற்றிடம் தோன்றுகிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை இராணுவத்தினர் பாரவூர்திகளை ஓட்டிய பரிசோதனை வீதியில் கொங்கிறீற் தட்டுகள் உடைந்ததும் இவ்வாறுதான்.

ஆகையால் பொதுப்பணத்தில் கொங்கிறீற் தளம் போடுவோர் தடிப்பை மட்டும் அறிவித்து ஒதுங்கலாகாது என்பது என் கருத்து. எந்த வாகனத்துக்காக, எத்தனை அடுக்குக்காக, அடிமண்ணின் எந்தப் பலத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள் என்பதும், மூட்டுக்கு அடியில் இறங்கும் நீர் எங்கே வடியும் என்பதும் கேள்விப்பத்திர ஆவணத்தில் எவரும் வாசிக்கும்படி இருக்கவேண்டும். திறப்பு விழாவன்று எல்லாத் தளமும் சமதளமாகவே தெரியும். மூன்றாம் மழைக்காலத்தில் மூட்டோரம் சேற்றுக்கறை தென்பட்டால், அந்த ஆவணத்தை எடுத்துப் பார்த்து எவரிடம் கணக்குக் கேட்பது என்று தெரிந்திருக்கும்.