ஆயாவின் சம்பளம்: மாதக் கணக்கில் மறைந்துபோகும் மணிக்கணக்கு

பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்றால் முன்பெல்லாம் தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைப்போம். ஊரிலிருந்து தூரத்து உறவில் ஒரு லாத்தா வந்து நிற்பார். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஆயாவை செல்போனில் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடிந்ததும் அலுவலகம் அழைக்கிறது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்று அதே சட்டம் சொன்னாலும், அது எல்லாத் தாய்மாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பாட்டியோ வேறு ஊரில் இருக்கிறார்.

ஆகவே வேலைவாய்ப்புத் தளங்கள். ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையை அவை சுலபமாக்கிவிட்டன. சம்பளம் நியாயமா என்று பார்ப்பதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டனவா என்பது வேறு கேள்வி.

இதில் அமெரிக்காவில் நடந்தது கவனிக்கத்தக்கது. குழந்தை பராமரிப்பு வேலைகளுக்கான மிகப் பெரிய தளங்களில் ஒன்றான கேர்.காம் மீது, அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஆகஸ்டில் நடவடிக்கை எடுத்தது. தளத்தில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையைப் பெரிதுபடுத்திக் காட்டியது, இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தது, கட்டணச் சந்தாவை ரத்து செய்வதைச் சிரமமாக்கியது ஆகியவை குற்றச்சாட்டுகள். 85 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. வேலை தேடி வரும் பெண்ணும் இந்த வியாபாரத்தில் ஒரு வாடிக்கையாளர்தான் என்பது இதில் தெரிகிறது. கூலி கிடைக்கும் முன்பே, கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அவர் காசு கட்டுகிறார்.

ஆனாலும் அங்கே ஒரு பிடிமானம் உண்டு. பேச்சு மணிக்கணக்கில் நடக்கிறது. வீட்டோடு தங்காத ஆயா வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது அங்கே மத்தியச் சட்டம். நியூயார்க் மாநிலம் 2010இலேயே வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி உரிமைச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில் பேச்சு மாதக் கணக்கில் நடக்கிறது. சிக்கல் தொடங்கும் இடம் அதுதான் என்று நாம் கருதுகிறோம். ஒரு குடும்பம் மாதம் 12,000 ரூபாய் என்று விளம்பரம் தருவதாக வைத்துக்கொள்வோம். கேட்பவருக்குப் பரவாயில்லையே என்று தோன்றும். காலை ஏழரைக்கு வந்து இரவு ஏழு மணிக்குப் போக வேண்டும், மாதம் 26 நாள். கூட்டிப் பார்த்தால் 299 மணி நேரம். மணிக்கு 40 ரூபாய். தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 37 முதல் 39 ரூபாய் வரை நிர்ணயித்தது 2018இல். இதற்குக் கீழே போகக்கூடாது என்று அன்றைய விலைவாசிக்குப் போட்ட கோட்டைத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தக் குடும்பம் உரசிக்கொண்டு நிற்கிறது. அந்தக் குடும்பத்தாரோ தாராளமாகத் தருவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

2025 மார்ச்சில் மும்பையில் அர்பன் கம்பெனி 15 நிமிடத்தில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. அறிமுக விலை மணிக்கு 49 ரூபாய். கண்டனம் எழுந்ததும், பணியாளருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கிறது என்று நிறுவனம் விளக்கியது. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். விளம்பரத்தைப் பார்த்த வீட்டுக்காரரின் மனத்தில் பதிவது 49தான். மறுநாள் தன் வீட்டு ஆயா சம்பளம் கூட்டிக் கேட்கும்போது அந்த எண்தானே நாக்கில் வந்து நிற்கும்?

மணிக்கு 150 ரூபாய் வீதம் மேற்சொன்ன 299 மணிக்குக் கணக்குப் போட்டால் 44,850 ரூபாய் வருகிறது. நடுத்தரக் குடும்பத்தில் வேலைக்குப் போகும் தாயின் சம்பளம் முழுவதுமே சில நேரம் அவ்வளவுதான் இருக்கும். இது உண்மையான நெருக்கடி, மழுப்பத் தேவையில்லை. தர முடியாதபோது நேரத்தைக் குறைப்பதே வழி. தந்தை ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம். ஒரே அடுக்ககத்தில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஆயாவை வைத்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளுக்கான பொறுப்புக்கேற்பக் கூட்டிக் கொடுக்கலாம். பதினொன்றரை மணி நேரத்தையும் வாங்கிக்கொண்டு விலையை மட்டும் அடித்துப் பேசுவது நெருக்கடியை ஓர் ஏழைத் தாயின் தலையில் இறக்கி வைப்பதாகும். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அவர் யாரையும் வைக்க முடியாது.

குழந்தையைப் பிறரிடம் ஒப்படைத்து வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. அல்குர்ஆனின் அல்பகரா, அத்தலாக் அத்தியாயங்கள் பாலூட்டும் பெண்ணுக்குத் தர வேண்டிய ஊதியத்தைப் பற்றியே பேசுகின்றன. கூலி இன்னதென்று வேலைக்கு முன்பே தெளிவாகியிருக்க வேண்டும் என்பது இஜாரா பற்றிய ஃபிக்ஹ் சட்டங்களில் அடிப்படையான நிபந்தனை. ‘வந்து வேலையைப் பாரும்மா, அப்புறம் பார்த்துச் செய்கிறோம்’ என்ற பேச்சு நம் வீடுகளில் சகஜமாக ஒலிப்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

பெரும்பாலான தளங்கள் ஆயாவிடம் ஆதார், புகைப்படம், முன்பு வேலை செய்த வீட்டின் விவரம் எல்லாம் கேட்கின்றன. குடும்பத்திடம் கேட்பது தொலைபேசி எண்ணும் கட்டணமும்தான். ஆகவே தளம் கேட்காததை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, குழந்தை வேலை மட்டுமா, சமையலும் துணியும் சேர்த்தா, வார விடுமுறை எந்த நாள், காய்ச்சலில் படுத்தால் சம்பளம் உண்டா. நாம் வெளியூர் போகும் பத்து நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பதும் நடக்கிறது. ஊருக்குப் போனது நாம்தானே, அவரல்லவே.

ரமளான் மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டின் நேரமே மாறிவிடுகிறது. நோன்பு திறக்கும் வேலை முடியும்வரை இரு, தராவீஹ் தொழுதுவிட்டு வரும்வரை பிள்ளையைப் பார் என்று ஆயாவின் மாலை தினமும் இரண்டு மூன்று மணி நேரம் நீள்கிறது. பெருநாளுக்குப் புடவையும் கொஞ்சம் பணமும் கொடுத்ததும் அந்தக் கணக்கு தீர்ந்ததாக நினைக்கிறோம். புடவை அன்பளிப்பு. கூடுதலாக வாங்கிய அறுபது எழுபது மணி நேரத்துக்குரியது கூலி. முன்னதைக் கொடுப்பது நம் விருப்பம், பின்னது அவருடைய பணம்.

சட்டப் பாதுகாப்பு இன்னும் பாதி வழியில் நிற்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான ஐ.எல்.ஓ.வின் 189ஆம் உடன்படிக்கையை 2011இல் ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தனிச் சட்டத்தின் தேவையை ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கான நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். நம் வீட்டு ஆயாவுக்கு அது தெரியுமா என்று இன்று மாலை அவர் கிளம்பும் முன் கேட்டுவிடலாம். விண்ணப்பத்தை நிரப்ப அரை மணி நேரம் ஆகுமென்றால், அதையும் வேலை நேரத்திலேயே செய்துகொள்ளட்டும்.