போர்டு போகவில்லை, பொறுமைதான் போச்சு!

"மதர்போர்டு போயிடுச்சு சார். ரொம்பப் பழைய மாடல். இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். புதுசு வாங்கிடுங்க."

திருத்தணியில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாலும், ஆன் ஆகாத பழைய கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு இதுதான். மூடியைக் கழற்றிப் பார்த்தார்களா? இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார்களா? அதுவும் இல்லை. பவர் பட்டனை இரண்டு தடவை அமுக்கி, உதட்டைப் பிதுக்கியதோடு சரி. விசாரணையே இல்லாமல் தூக்குத் தண்டனை!

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓடும் பூமி. ஓடிக்கொண்டிருந்த தறி திடீரென்று நின்றால் உடனே எடைக்கா போடுகிறார்கள்? கரண்ட் வருகிறதா, மோட்டார் சுற்றுகிறதா, பெல்ட் அறுந்துவிட்டதா, நாடா சிக்கிக்கொண்டதா என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத தறிக்காரருக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு, நான்கு வருஷம் கம்ப்யூட்டர் படித்தவருக்கு ஏன் தெரியவில்லை?

அந்த ஒழுங்கு ரொம்பச் சாதாரணமானது. சுவரில் ஆரம்பித்து உள்ளே போக வேண்டும். செலவில்லாததை முதலில், செலவு வைப்பதைக் கடைசியில் பார்க்க வேண்டும். முருகன் கோயிலுக்கு 365 படி ஏற வேண்டும். இங்கே வெறும் ஏழு படிதான்.

ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி. பட்டனை அமுக்கியதும் ஃபேன் சுற்றுகிறதா? சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் அது வேறு வியாதி. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகியதிலேயே எழுந்து உட்கார்ந்த கம்ப்யூட்டர்கள் ஏராளம். ஃபேன், லைட், சத்தம் எதுவுமே இல்லை என்றால்தான் கீழே உள்ள வரிசை.

1. பிளக் பாயிண்ட். அதே பாயிண்டில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரில் ஃபியூஸ் போயிருக்கலாம். பேட்டரி செத்துப்போன சில யூபிஎஸ்கள் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டுங்கள்.

2. பெட்டியின் பின்பக்கம். கேபிள் தளர்ந்திருக்கிறதா? மானிட்டரின் கேபிள் பெரும்பாலும் அதே மாதிரிதான் இருக்கும். மாற்றி மாட்டிப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது ஆனில் இருக்கிறதா? பக்கத்தில் சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து இந்திய மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும்.

3. சுத்தம். பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள், போர்டில் மிச்சமிருக்கும் சார்ஜ் வடியட்டும். பிறகு மூடியைக் கழற்றுங்கள். பத்து வருஷத் தூசும் எறும்புக் கூட்டமும் இருக்கலாம், கருகிப்போன பல்லியும் இருக்கலாம். ஒரு பெயிண்ட் பிரஷ் போதும்.

4. பவர் பட்டன். ஆயிரக்கணக்கான தடவை அமுக்கிய பட்டன் தேயாதா? 1995-க்குப் பிறகு வந்த ஏடிஎக்ஸ் வகைப் பெட்டிகளில் இந்தப் பட்டனின் வயர் மதர்போர்டில் இரண்டு சின்ன ஊசிகளில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, கரண்ட் கொடுத்து, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால் மெஷின் ஓட வேண்டும். ஓடினால் கெட்டது பட்டன் மட்டுமே. எச்சரிக்கை: அதற்கு முந்தைய ஏடி வகையில் முன்பக்க ஸ்விட்சுக்கு 230 வோல்ட் நேராகவே வரும். அதில் இந்த விளையாட்டு வேண்டாம்.

5. சுமையைக் குறைப்பது. மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ், கார்டுகள், யூஎஸ்பியில் தொங்குவது எல்லாவற்றையும் கழற்றுங்கள். போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ரேம் மட்டும் இருக்கட்டும். இப்போது ஓடினால், கழற்றியவற்றில் ஒன்றுதான் திருடன். ஒவ்வொன்றாக மாட்டினால் அகப்படுவான். போர்டில் இருக்கும் காசு வடிவ 3 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிடலாம். அது செத்தால் பெரும்பாலும் தேதிதான் தப்பாகும், ஆனால் சில போர்டுகள் கிளம்பவே மறுக்கும்.

6. எஸ்.எம்.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், போர்டுக்கு வரும் 20 அல்லது 24 முனை கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, சுமைக்கு ஒரு பழைய சிடி டிரைவை மாட்டி, பிறகு கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் கெட்டது எஸ்.எம்.பி.எஸ்.தான், போர்டு அல்ல. சுற்றினாலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க மட்டும் கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். உயிரோடு விளையாட வேண்டாம்.

7. கெபாசிட்டர். இதெல்லாம் முடிந்த பிறகுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். பிராசஸரைச் சுற்றி நிற்கும் குட்டி உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா? உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ, நோய் கிடைத்துவிட்டது.

இந்த ஏழாம் படியில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். கத்திரி வெயில் காலத்து வானிலைச் செய்தியில் வேலூரோடு சேர்ந்து அடிபடும் பெயர் திருத்தணி. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல உலரும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. ஏசி அறையில் கிடந்த கம்ப்யூட்டரும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கிடந்த கம்ப்யூட்டரும் ஒரே வயதில் சாகாது.

போதாக்குறைக்கு, 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுக்க மட்டமான கெபாசிட்டர்கள் மதர்போர்டுகளில் ஏறிவிட்டன. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் விற்றவற்றில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஆபத்து இருந்தது என்பது 2010-ல் வழக்கு ஆவணங்கள் மூலம் வெளியே வந்தது. இதைச் சரிசெய்ய அந்த நிறுவனம் 2005-ல் ஒதுக்கிய தொகை 30 கோடி டாலர். அதாவது "போர்டு போச்சு" என்று உலகமே சொன்னபோது, பல போர்டுகளில் போனது சில ரூபாய் கெபாசிட்டர்! அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி தாங்கும் ரகம் என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். சால்டரிங் தெரிந்த ஒருவரும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

அப்படியானால் எல்லாத் தப்பும் மெக்கானிக் மீதுதானா? இல்லை. இங்கேதான் வாடிக்கையாளர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஏழு படியும் ஏறி, "பட்டன்தான் சார் கோளாறு" என்று கண்டுபிடித்து 300 ரூபாய் கேட்டால் என்ன நடக்கும்? "ஒரு பட்டனுக்கு முந்நூறா? பார்த்ததுக்கே காசா?" என்று சண்டை! அதே ஆள் "போர்டு போச்சு" என்று சொல்லிப் புது மெஷின் விற்றால் ஆயிரங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிறார்கள். டாக்டருக்கு ஃபீஸ் கொடுப்பது நோயைக் கண்டுபிடிக்கத்தானே? மாத்திரைக்கு மட்டும்தான் காசு என்றால் எந்த டாக்டரும் நாடி பிடிக்க மாட்டார். பாகத்துக்குக் காசு, மூளைக்குச் சும்மா என்கிற இந்தக் கணக்குதான் நல்ல மெக்கானிக்கை மெல்ல மெல்ல வெறும் விற்பனையாளராக மாற்றுகிறது.

கல்வியும் தப்பவில்லை. இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். நல்ல திட்டம், லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் நுழைந்தது. ஆனால் கம்ப்யூட்டர் கொடுத்த கைகள் ஸ்க்ரூ டிரைவர் கொடுக்கவில்லை. எஸ்.எம்.பி.எஸ். என்பதன் விரிவாக்கத்தைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய எத்தனை பேர் அதன் பச்சை வயரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்?

எதிர்ப்பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பென்டியம் 4 மெஷினும் டியூப் மானிட்டரும் சேர்ந்து, ஒரு லேப்டாப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் கரண்ட் இழுக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டது. அதை வைத்து பேங்க் வேலை பார்ப்பது முட்டாள்தனம். உண்மை. ஆனால் இதெல்லாம் ஓடுகிற மெஷினை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கான வாதம். ஏன் ஓடவில்லை என்று பார்க்காமல் இருப்பதற்கான வாதம் அல்ல.

ஏனென்றால் தூக்கிப் போடுவது வெறும் பெட்டியை அல்ல. ஸ்டுடியோக்களின் பழைய மெஷினில் மலைக்கோயிலில் தாலி கட்டியவர்களின் கல்யாண ஃபோட்டோ இருக்கும். டிடிபி கடை மெஷினில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஃபைல்கள் இருக்கும். அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அவை வெறும் கிறுக்கல். அவற்றைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஒரே மெஷின் பல சமயம் அந்தச் "செத்த" மெஷின்தான். எடைக்குப் போடுவதென்று முடிவே செய்தாலும், ஹார்ட் டிஸ்க்கையாவது கழற்றி வையுங்கள். பெட்டி ஆன் ஆகவில்லை என்பதால் டிஸ்க் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு டெஸ்க்டாப்பையும் 17 அங்குல டியூப் மானிட்டரையும் தயாரிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர் செலவாகிறது என்று ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு 2004-லேயே சொன்னது. 2022-ல் உலகம் தூக்கிப் போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். பழைய சால்டரிலும் டியூப் கண்ணாடியிலும் இருக்கும் ஈயம் எடைக்குப் போட்டதும் மாயமாகிவிடாது. யாரோ ஒருவர் அதை வெறுங்கையால் உடைக்கிறார், எரிக்கிறார். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. இனி நன்றாக ஓடும் மெஷின்களே குப்பைக்கு வரிசையில் நிற்கப் போகின்றன.

பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் மூடியைக் கழற்றவே பயப்படுகிற ஊரில் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த தடவை யாராவது "போர்டு போச்சு" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" பதில் இருந்தால், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.