மூச்சுக் கணக்கு

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு அவருடைய சார்ட்டை ஒரு தடவை பாருங்கள். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் வேளைக்கு வேளை ஏறி இறங்கியிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கட்டத்தில் மட்டும் 20, 20, 20 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நான் படித்தது பி.காம். ஒரு கடையின் ரொக்க இருப்பு தினமும் ஒரே தொகையாக இருந்தால், ஆடிட்டர் முதல் வேலையாகக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுவார். இங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

மூச்சை எண்ண ஒரு கடிகாரமும் முழுசாக ஒரு நிமிடமும் போதும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடம்பு மோசமாகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் ஒன்று, மூச்சு வேகம் கூடுவது. ஆனால் 'உங்க மூச்சை எண்ணப் போறேன்' என்று சொன்னால் நோயாளி தன்னை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைக் கவனித்து எண்ண வேண்டும். புத்தகத்தில் இது இரண்டு வரி. கைக்கு வர வேண்டுமானால் பக்கத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற ஓர் ஆசிரியையை ஓர் அரசு மருத்துவமனை வார்டில் பார்த்தேன். "தாத்தா, கையைக் கொஞ்சம் குடுங்க" என்று மாணவியிடம் பிடிக்கச் சொன்னார். தானும் எண்ணினார். மாணவி 20 என்றாள். "எனக்கு 28 வருதே. மறுபடி எண்ணும்மா." திட்டவில்லை. இரண்டாவது முறை அவளுக்கும் 28. டாக்டரைக் கூப்பிட ஆள் போனது. அந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் எண்ணாமல் 20 எழுத மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இந்த ஆசிரியைக்கு நாம் என்ன மதிப்பு வைத்திருக்கிறோம்? பதவி உயர்வு என்று வந்தால் முனைவர் பட்டத்தை எண்ணுகிறோம், கட்டுரைகளை எண்ணுகிறோம். வார்டில் கால் கடுக்க நின்ற மணிகள் எந்தக் கட்டத்தில் வரும்?

பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்தியன் நர்சிங் கவுன்சில் வகுத்த விதி. சில கல்லூரிகளில் நடப்பது வேறு. பஸ் நிறைய மாணவிகளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஒரே ஒரு டியூட்டர் வருகைப் பதிவேட்டோடு நிழலில் உட்கார்ந்துவிடுவார். செய்யாத டிரெஸ்ஸிங்குக்கும் போடாத ஊசிக்கும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடும். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் போலி வவுச்சர்.

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். உயர் நீதிமன்றம் சொல்லி சி.பி.ஐ. 300-க்கும் மேற்பட்ட நர்சிங் கல்லூரிகளைச் சோதித்தது. 60-க்கு மேல் தகுதியே இல்லாதவை. கொடுமை என்னவென்றால், 'எல்லாம் சரி' என்று அறிக்கை தர லஞ்சம் வாங்கியதாக 2024 மே மாதம் சி.பி.ஐ. தன் அதிகாரியையே கைது செய்தது!

'இருக்கிற சம்பளத்துக்கு யார் வார்டில் நிற்பார்கள்?' என்று கேட்கிறார்கள். சம்பளம் குறைவு என்பது நிஜம்தான். அதற்குக் கல்லூரி முதலாளியிடம் சண்டை போடுங்கள், நோயாளியிடம் கழித்துக்கொள்ளாதீர்கள். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியபோதே பயிற்சி வார்டில்தான் நடந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? வேலூர் சி.எம்.சி.யில் 1909-ல் நர்சிங் பள்ளி, 1946-ல் பட்டப்படிப்பு. அங்கே பாடம் எடுப்பவருக்கு வார்டுப் பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கும் வழக்கம் உண்டு. காலையில் வகுப்பில் சொன்னதை மதியம் கட்டில் பக்கத்தில் செய்து காட்டியாக வேண்டும்.

மகளை நர்சிங்கில் சேர்க்க லட்சக்கணக்கில் எண்ணி வைக்கப் போகிறீர்களா? ஏ.சி. வகுப்பறையைக் காட்டுவார்கள், லேபில் படுத்திருக்கும் பொம்மையைக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் பிரின்சிபாலிடம் ஒன்று கேளுங்கள்: "வார்டில் என் பெண் பக்கத்தில் யார் நிற்பாங்க? அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க, பேசணும்."