உப்பில் ஓடிய படகு

அமெரிக்காவில் பழைய உல்லாசப் படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த வருஷத்து மாடல் என்று. எந்தத் தண்ணீரில் ஓடியது என்று கேட்பவர் குறைவு. ஒரே விலைக்கு இரண்டு படகு வருகிறது என்று வையுங்கள்: ஃப்ளோரிடா கடலில் ஓடிய 5 வயதுப் படகு, மிச்சிகன் ஏரியில் ஓடிய 10 வயதுப் படகு. என் ஓட்டு மிச்சிகனுக்கே. கடல்நீரையே நேரடியாக உறிஞ்சிக் குளிரும் உள் எஞ்சினில், புகை வெளியேறும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை உப்பு உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். வெளியே பெயின்ட் என்னவோ பளபளக்கும். ஏரிப் படகுக்கும் ஒரு கண்டம் உண்டு. குளிர்காலத்துக்கு முன் எஞ்சினில் தேங்கிய நீரை வடிக்காமல் விட்டிருந்தால், அது உறைந்து பிளாக்கையே பிளந்திருக்கும். எதை எடுத்தாலும் பின்பலகையைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘தொப்’ என்றால் ஃபைபருக்குள் இருக்கும் பிளைவுட் ஊறிப்போயிருக்கலாம். (மெத்தையும் ஸ்பீக்கரும் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மயங்காதீர்கள்.) படகைப் பரிசோதித்துச் சொல்லும் சர்வேயருக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் பேரமே பேசாதீர்கள்.