மேடை கோணல்தான்

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். வாத்தியார்களுக்கு இவ்வளவு சௌகரியமான பழமொழி தமிழில் இன்னொன்று இல்லை. மேடையைக் கட்டிய தச்சன்மேல் பழி கிடையாது. ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்மேலும் கிடையாது. ஏறி ஆடியவள் ஒருத்திதான் குற்றவாளி. அந்த மேடை நிஜமாகவே கோணலாக இருந்ததா என்று யாராவது ரசமட்டம் வைத்துப் பார்த்தார்களா? சென்ற வருஷம் நான் அப்படி ஒரு மேடையை அளந்து பார்த்தேன். ரசமட்டம் கைவசம் இல்லை. தையற்காரர் நாடாவால் அளந்தேன். கோணலாகத்தான் இருந்தது.

என் தம்பி மகளுக்குப் பதினேழு வயது. திடீரென்று ஒரு நாள் பேஸ் கிட்டார் கற்றுக் கொள்ளப் போகிறேன் என்றாள். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுக்களில், மேலே பாடகர் ஒரு வழியே போய்க் கொண்டிருக்க, அடியில் கனத்த குரலில் இன்னொரு பாட்டு தன்பாட்டுக்கு நடந்து கொண்டிருக்குமே, அது இந்த வாத்தியத்தின் வேலை. நாலு தடித்த தந்தி, நீண்ட கழுத்து. அவள் வயதில் நான் இப்படிக் கேட்டிருந்தால் என் தகப்பனார் என்ன சொல்லியிருப்பார் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம். தம்பி வாங்கிக் கொடுத்தான். வாத்தியாரும் அமைந்தார்.

நாலாவது மாதம் ஒரு சாயங்காலம் போயிருந்தபோது, அந்தப் பெண் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்கிறதா அம்மா?"

"வலிச்சாத்தான் வித்தை வரும்னு மாஸ்டர் சொல்றார், பெரியப்பா."

ஐந்தாவது மாதம் மாஸ்டரே தீர்ப்புச் சொல்லி விட்டார். "கை சின்னதா இருக்கு ஸார். நான் என்ன பண்றது? விரலுக்கேத்த வீக்கம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. பேசாம கீபோர்டுல சேர்த்துடுங்க."

பழமொழி நம்பர் இரண்டு! கீபோர்டு மட்டும் கைபார்த்துச் செய்ததா என்ன? ஜோசப் ஹாஃப்மன் என்று ஒரு பெரிய பியானோ மேதை இருந்தார். அவருக்குக் கை சிறியது. ஸ்டெயின்வே கம்பெனியார் அவருக்கென்று கட்டைகளைச் சற்றே குறுக்கிப் பியானோ செய்து கொடுத்தார்கள். மேதையின் கை சிறியதாயிருந்தால் வாத்தியத்தைத் திருத்துகிறார்கள். மாணவியின் கை சிறியதாயிருந்தால் மாணவியை வேறு வகுப்புக்கு அனுப்பி விடுகிறார்கள்.

அன்று ராத்திரிதான் நாடாவை எடுத்தேன். தந்தி, கழுத்தின் தலைமாட்டில் ஒரு சிறு துண்டின்மேல் ஏறி இறங்குகிறது. அதற்கு நட் என்று பெயர். அங்கிருந்து கீழே குதிரை வரை 34 அங்குலம். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைப் போலக் கழுத்தின் குறுக்கே உலோகக் கம்பிகள். முதல் மெட்டுக்கும் நாலாவது மெட்டுக்கும் இடையே ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே, வலிக்காமல் விரித்தால், குழந்தைக்கு நாலரை அங்குலம் வருகிறது. மாஸ்டரோ முதல் நாளிலிருந்து முதல் மெட்டில் ஆரம்பித்து, விரலுக்கு ஒரு மெட்டு என்று கட்டளை போட்டிருக்கிறார். வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் அளந்தேன். மெட்டுக்களின் இடைவெளி குதிரையை நோக்கிப் போகப் போகக் குறுகிக் கொண்டே போகும். ஐந்தாவது மெட்டிலிருந்து எட்டாவது வரை நாலே அங்குலம். அதே பெண், அதே வாத்தியம், அதே நாலு விரல். அங்கே சிரமமே இல்லை. ஆறு மாதம் அங்கே பழக்கி விட்டுப் பிறகு மெள்ள மெள்ள முதல் மெட்டுக்கு இறக்கியிருக்கலாம். அல்லது பெரிய பேஸ் வாசிக்கிறவர்களின் வழியைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நின்றுகொண்டு வாசிக்கும் அந்த ராட்சச வாத்தியத்தின் தந்தி நாற்பது அங்குலத்துக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டல் என்ற ஆசிரியர் அதற்கு எழுதிய பாடமுறையில், கழுத்தின் தலைப்பக்கத்தில் மோதிர விரலுக்குத் தனி வேலையே கிடையாது. அது சுண்டுவிரலுக்குத் துணையாகப் போகும். நாலு இடத்துக்கு விரிக்க வேண்டிய கையை மூன்று இடத்துக்கு விரித்தால் போதும். மிச்சத்துக்குக் கையையே நகர்த்திக் கொள்ளலாம். ஆஜானுபாகுவான ஐரோப்பியர்களே இப்படித்தான் வாசித்தார்கள். யாரும் அவர்களைக் கீபோர்டுக்கு அனுப்பவில்லை.

சரி, இந்த 34 அங்குலம் எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்ற வாத்தியத்தை வெளியிட்டார். ரேடியோ ரிப்பேர் செய்து வந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்; நான் பொறாமையில் சொல்லவில்லை, ஊரறிந்த விஷயம். தம்முடைய சாதாரணக் கிட்டாருக்கு அவர் வைத்த நீளம் 25½ அங்குலம். அதற்கும் பெரிய பேஸுக்கும் நடுவே ஓர் இடத்தைப் பிடித்தார். நல்ல இடம்தான். வாத்தியம் உலகத்தையே பிடித்துக் கொண்டது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு பட்டறையில் ஒரு மனிதர் யோசித்துச் செய்த ஏற்பாட்டை, சிருஷ்டியின்போதே விதித்தது போலப் பேசுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். அந்தக் கம்பெனியே அதை வேதமாக நினைக்கவில்லை. 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் நட்டின் அகலத்தை 1¾ அங்குலத்திலிருந்து 1½ அங்குலமாகக் குறைத்தார்கள். 1966-ல் மஸ்டாங் பேஸ் என்று முப்பதே அங்குலத்தில் ஒன்று கொண்டு வந்தார்கள்.

முப்பது அங்குலம் என்றதும் கடைக்காரர்கள் முகத்தில் ஒரு புன்னகை வருகிறது. "அது குழந்தைகள் சாமான் ஸார்" என்கிறார்கள். பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய ஹாஃப்னர், பார்க்கப் பிடில் மாதிரி இருக்குமே, அது முப்பது அங்குலம். விலை மலிவு என்றும், இடதுகைக்காரரான தமக்குத் திருப்பிப் பிடித்தாலும் அவலட்சணமாக இராது என்றும் வாங்கினார். (அந்த வாத்தியம் 1972-ல் திருட்டுப் போய், ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவர் கைக்கே திரும்பி வந்தது. அதை வைத்து ஒரு நாவலே எழுதலாம்.) ஜாக் புரூஸ் செல்லோ படித்தவர், பெரிய பேஸ் வாசித்தவர், எவ்வளவு நீளமான கழுத்தும் அவர் கைக்குப் பழக்கம். அவர் கிரீம் என்ற குழுவில் வாசித்தது கிப்ஸன் கம்பெனியின் முப்பதரை அங்குலப் பேஸ். இவர்களெல்லாம் எந்தக் குழந்தைப் பள்ளிக்கூடத்தில் வாசித்தார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லி விடுகிறேன். நீளம் குறைந்தால் தந்தியின் இறுக்கம் குறையும். அடித்தந்தி சற்றே தொளதொளவென்று பேசும். அதற்குத் தகுந்த கனமான தந்தி போட வேண்டும், கடைகளில் அதற்கு வகை குறைவு. 34 அங்குலத்தின் கணீரென்ற அடிக்குரலே வேண்டும் என்கிறவர்கள் அதையே வாசிக்கட்டும். சாதாரண உடம்புக்காரர்கள் அதில் சாதித்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல் கே என்ற அம்மாள், 1963-ல் ஒரு நாள் பேஸ்காரர் வராமற் போனதால் அதைக் கையிலெடுத்து, ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளுக்கு வாசித்தார். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில்தான் வாசித்தார். ஆகவே சின்னக் கைக்குச் சின்ன வாத்தியம் என்று புதிதாக ஒரு சட்டம் போட நான் வரவில்லை.

அப்படிச் சட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் போன இரண்டாவது கடையில், குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே, அவள் கையைப் பார்த்து விட்டு மெல்லிய கழுத்தாக ஒன்றை நீட்டினார்கள். நீளம் என்னவோ அதே 34! நீளம் வேறு, அகலம் வேறு, பின்புறத்துப் பருமன் வேறு என்பது அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. மெட்டுக்கு மெட்டு விரலை விரிக்க வைப்பது நீளம். மேல் தந்தியிலிருந்து கீழ்த் தந்திக்கு விரலை வளைக்க வைப்பது அகலம். பருமன் உள்ளங்கையின் விஷயம். பெரிய கைக்காரர் சிலர் மெல்லிய கழுத்தை விரும்புவார்கள். சின்னக் கைக்காரர் சிலருக்குக் கட்டைவிரல் சாய்ந்து கொள்ளக் கொஞ்சம் பருமன் இருந்தால்தான் நிம்மதி. பார்த்துச் சொல்கிற காரியமா இது? செருப்புக் கடையில்கூட உட்கார வைத்து, காலில் போட்டு, இரண்டடி நடக்கச் சொல்கிறார்கள். பிடிலில் அரை, முக்கால் என்று அளவுகள் வைத்து, குழந்தையின் கை வளர வளர மாற்றிக் கொடுக்கிறார்கள். அங்கே யாருக்கும் இது கேவலமாகப் படவில்லை.

வாரை எவ்வளவு நீளம் விடுவது என்பது இன்னொரு கூத்து. மேடையில் நிற்கும் வாலிபர்கள் வாத்தியத்தை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்க விட்டுக் கொள்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கிறது. அவ்வளவு கீழே போனால் மணிக்கட்டு மடங்கித்தான் ஆக வேண்டும், மடங்கிய மணிக்கட்டோடு விரலை விரித்தால் வலிக்கத்தான் செய்யும். எங்கள் வீட்டுப் பெண்ணும் வாரை அப்படித்தான் விட்டிருந்தாள். மாஸ்டர் நாலு மாதம் அதைப் பார்த்துக் கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். வாரை ஒரு சாண் ஏற்றிக் கட்டச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

மூன்றாவது கடையில் முக்காலி போட்டார்கள். சுவரிலிருந்து ஐந்து வாத்தியங்களை ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைப் பையன் என் நாடாவைப் பார்த்துச் சிரித்தான், சிரிக்கட்டும். கடைசியில் அவள் மடியில் தங்கியது முப்பது அங்குலம், கழுத்து நான் நினைத்ததை விடப் பருமன். முதல் மெட்டிலிருந்து நாலாவது வரை நாலரை அங்குலம். இரண்டு மாதம் கைக்கு ஓய்வு கொடுத்து விட்டு, பிறகுதான் அதைத் தொட்டாள். தைலப் புட்டி இப்போது என் முழங்காலுக்கு வந்து விட்டது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் மாஸ்டரைப் பார்த்தேன். தோளில் கிட்டார் உறை. கையைப் பார்த்தேன், பனைமட்டை மாதிரி இருந்தது.

"பாப்பா கீபோர்டு வாசிக்குதா ஸார்?"

"இல்லை, பேஸ்தான் வாசிக்கிறாள். முப்பது அங்குலம்."

"அடடா, அது சின்னப் பிள்ளைங்க சாமான் ஆச்சே!" என்று சிரித்தார்.

ஜாக் புரூஸ் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்து விட்டது.