ஊட்டி ரயில் பொம்மை இல்லைங்க!

மே மாதம் நெருங்கினால் போதும், எல்லாருக்கும் "டாய் ட்ரெயின்" ஞாபகம் வந்துவிடும். முதலில் அந்தப் பேரே எனக்குப் பிடிக்காது. 326 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 2,200 மீட்டருக்கு ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி எப்படிங்க பொம்மையாகும்?

தெரியாதவர்களுக்குச் சின்னதாக ஒரு விளக்கம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். அதனால் எந்த நொடியிலும் பிடி விடாது. ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் இன்ஜினியரின் மூளை. இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போட ஓர் ஆள். குன்னூர் வரை வந்தது 1899-ல், ஊட்டி வரை நீட்டியது 1908-ல், யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005-ல்.

இதே ஆப்ட் முறையில் ஜப்பான்காரர்களும் உசுய் கணவாயில் 1893-லேயே ரயில் விட்டார்கள். மேலே இருக்கும் கருயிசாவா, நம் ஊட்டி மாதிரியே வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஓடிப்போய் உருவாக்கிய கோடை வாசஸ்தலம். 1963-ல் பல்சக்கரத்தை எடுத்தார்கள். 1997-ல் புல்லட் ரயில் வந்ததும் அந்தக் கணவாய்ப் பாதையையே மூடிவிட்டார்கள். இப்போது பழைய பாதையின் ஒரு பகுதியில் நடந்து போகலாம். (அடிவாரத்து யோகோகாவா ஸ்டேஷனில் இன்ஜின் மாட்டும் நேரத்தில் மண்சட்டியில் சோறு விற்றார்கள். அது இன்றும் பிரபலமாம். நமக்கு ஹில்குரோவில் தண்ணி பிடிக்கும்போது டீயும் வடையும்.)

அங்கே பாதை போய்விட்டது, ஆனால் ரயிலில் போய் இறங்கி, தங்கி, திரும்ப ரயிலிலேயே வரும் பழக்கம் போகவில்லை. இங்கே நேர் எதிர். பாதை இருக்கிறது, பழக்கம்தான் போய்விட்டது. இதுதான் என் ஆதங்கம்.

நம் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறுவார்கள். டிரைவர் காலி காரை மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு வந்து ஊட்டி ஸ்டேஷன் வாசலில் நிற்பார். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, மறுநாள் கீழே. ரயில் போனதால் சாலையில் ஒரு வண்டியாவது குறைந்ததா? இல்லை! வண்டிகள் தாங்காமல்தான் ஹைகோர்ட் தலையிட்டு 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறு 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. காலி காரும் அந்தக் கணக்கில் ஒன்றுதானே?

ரயிலை ராட்டினம் மாதிரி பார்த்தால் விலையும் ராட்டின விலை ஆகும். 2020 டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் ரயிலை வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 3,000 ரூபாய் என்று விற்றதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் ஞாபகம் இருக்கலாம். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன், டிமாண்ட் இருக்கும் இடத்தில் விலை ஏறத்தான் செய்யும். கல்லாறு-குன்னூர் பாதையில் சப்ளையைப் பெரிதாகக் கூட்டவும் முடியாது. அந்த ஏற்றத்தில் நாலு பெட்டிதான், வேகமும் சைக்கிள் வேகம்தான்.

ஆனால் குன்னூரோடு பல்சக்கரம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஊட்டிக்குச் சுமார் 19 கிலோமீட்டர், டீசல் இன்ஜின். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வேலைக்கும் படிப்புக்கும் ஜனங்கள் போகிற ஊர்கள். ரயில்வே காசையும் கவனத்தையும் போட வேண்டியது இங்கேதான். ஆபீஸ் நேரத்துக்கு ஒரு வண்டி கூடுதலாக விட்டால் உள்ளூர்க்காரருக்கும் உதவும், கார் இல்லாமல் வந்தவருக்கும் உதவும். ஸ்டேஷன் வாசலிலிருந்து மினி பஸ்ஸும் வேண்டும். இறங்கியதும் டாக்ஸிக்காரரிடம் பேரம் பேச வேண்டும் என்றால் யார் காரை விட்டுவிட்டு வருவார்கள்?

நீங்கள் போவதாக இருந்தால் ஊட்டியை விட்டுவிட்டுக் குன்னூரில் இரண்டு ராத்திரி தங்கிப் பாருங்கள். சிம்ஸ் பார்க் இருக்கிறது, சுற்றிலும் தேயிலைத் தோட்டம். காலை ரயிலில் கேத்தியில் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பலாம். "மூன்றாம் பிறை" கிளைமாக்ஸ் எடுத்த ஸ்டேஷன் அதுதான், கமல் ரசிகர்கள் கர்சீப் எடுத்துப் போகவும் :-)

ஒரே ஒரு எச்சரிக்கை. அக்டோபர், நவம்பரில் டிக்கெட் போடாதீர்கள். மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்தால் நாள்கணக்கில் வண்டி ஓடாது.