நொண்டும் கிழ நாய்க்கு யார் பொறுப்பு? அபராதம் 50 ரூபாய். வைத்தியச் செலவு ஆயிரக்கணக்கில்!

ஜெகதளா,

காலையில் பஸ்சுக்கு நிற்பவர்கள் பார்த்திருப்பார்கள். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு கிழ நாய் சுருண்டு கிடக்கும். பஸ் வந்து நின்றதும் எழுந்திருக்கப் பார்க்கும். பின்னங்கால் வராது. இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை எழுந்து, நொண்டி நொண்டி ஓரமாகப் போய் மறுபடி படுத்துக் கொள்ளும்.

"யார் வீட்டு நாய் இது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஜெகதளாவில் மட்டும் அல்ல, அருவங்காடு, வெலிங்டன், குன்னூர் என்று எங்கே போனாலும் இதே காட்சிதான். பத்து வருஷம் வாசலில் படுத்துக் காவல் காத்த நாய், கால் போனதும் தெரு நாய் ஆகிவிடுகிறது.

கடிக்கிற நாய் கோர்ட்டில், நொண்டுகிற நாய்?

நாடு முழுக்க இப்போது நாய்ப் பேச்சுதான். 2025 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில், ஆகஸ்டு 22-ந் தேதி, மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி பிடித்ததையும், பாய்ந்து கடிப்பதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7-ந் தேதி இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் நாய் இருக்கக்கூடாது, பிடித்ததை அங்கேயே திரும்ப விடவும் கூடாது.

இத்தனை உத்தரவும் தெருவில் இருக்கிற நாயைப் பற்றி. அந்த நாயைத் தெருவுக்கு அனுப்பியவர் யார் என்று கேட்கவும் ஒரு சட்டம் இருக்கிறது. பழைய சட்டம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு. வளர்த்த பிராணிக்குச் சாப்பாடு, தண்ணீர், இடம் கொடுக்காமல் விடுவது குற்றம். பசியால் தாகத்தால் தவிக்கும் நிலையில் கைவிடுவதும் குற்றம்.

தண்டனை? முதல் தடவைக்குக் குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய்! 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகைதான். இன்றைக்கு இரண்டு பேர் டீ குடித்து வர்க்கி கடித்தால் போய்விடும். அபராதத்தை உயர்த்த 2022-ல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. நாயை விட்டுவிட்டால் 50 ரூபாய், அதுவும் யாராவது கேஸ் போட்டால். வைத்தியம் பார்த்தால் எக்ஸ்ரே, ஊசி, மாத்திரை, வண்டி வாடகை என்று ஆயிரக்கணக்கில். ஏழை எந்தப் பக்கம் சாய்வான்?

அவனைத் திட்டுவது சுலபம். பச்சைத் தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று 2023-ல் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்த மலை இது. இலைக்கு விலை இல்லாத மாசத்தில் நாய்க்கு எக்ஸ்ரே எடு என்றால், வீட்டில் சண்டைதான் வரும்.

காசு எங்கே போகிறது?

டாக்டர் பீஸ்தான் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். மலையில் அப்படி இல்லை. பெரிய செலவு வண்டி. அரசு கால்நடை மருந்தகங்களிலும், குன்னூர், ஊட்டியில் உள்ள அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளிலும் நாயையும் பார்ப்பார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் நாயைப் பஸ்சில் ஏற்ற விடமாட்டார்கள். 20 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? ஆட்டோ பிடிக்கணும். ஒரு நாள் கூலியும் போகும்.

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. ஆனால் அது முக்கியமாக மாடு, எருமை, ஆட்டுக்கானது. கேட்டுப் பார்ப்பதில் தப்பு இல்லை.

தொண்டு நிறுவனங்களும் நீலகிரியில் இருக்கின்றன. மசினகுடி பக்கம் மாவனல்லாவில் 'ஐப்பான்' என்ற அமைப்பின் பிராணிகள் காப்பகம் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் டபிள்யூ.வி.எஸ். என்ற சர்வதேச அமைப்பின் மையம் இருக்கிறது. இந்தியா முழுவதும் இருந்து டாக்டர்கள் அங்கே வந்து நாய் ஆபரேஷன் பயிற்சி எடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஜெகதளாவில் இருந்து மாவனல்லா போக ஊட்டி ஏறி, கல்லட்டி இறங்கணும். 36 கொண்டை ஊசி வளைவு! இடுப்பு வலிக்கிற நாய்க்கு அந்தப் பயணமே தண்டனை.

மாவட்டத்துக்கு ஒரு மிருகவதைத் தடுப்புச் சங்கம் வேண்டும், அதற்கு டாக்டரோடு கூடிய வைத்தியசாலை வேண்டும் என்று மத்திய அரசின் 2001-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. தாலுகாவுக்கு ஒரு நாள் அந்த டாக்டர் வந்து உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிற மனுக்களில், ரோடு, தண்ணீரோடு இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை: எமன்!

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியம். பஸ் வந்துவிட்டால்கூட இதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

நாய் நொண்டுகிறது, டாக்டரிடம் போகக் காசு இல்லை. உடனே என்ன செய்கிறோம்? நமக்கு முட்டி வலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைச் சோற்றில் வைத்துக் கொடுக்கிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் எல்லாம் நாயின் வயிற்றில் புண் போடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு தப்பினால் ஈரலைத் தாக்கும். வாந்தி, கறுப்பாக மலம், சாப்பாடு மறுப்பு... அப்புறம் கதை முடிந்தது. 'கால் வலியில் செத்துப்போச்சு' என்று புதைத்துவிடுவோம்.

டாக்டர்கள் நாய்க்கு எழுதுகிற மெலாக்சிகம் மனிதர்களுக்கும் உண்டு. மலிவான மருந்து. ஆனால் அளவு? 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில்தான் பேச்சு. கடையில் நமக்கு விற்கிற மாத்திரை ஏழரை, பதினைந்து மில்லிகிராம்! அதனால்தான் எடை பார்த்து டாக்டர் எழுதணும் என்கிறோம். நாயின் சிறுநீரகம் சரி இல்லாவிட்டால் அந்த அளவும் கூடாது.

டைக்ளோபினாக் பெயரைச் சொன்னால் நீலகிரிக்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரணும். கழுகு! மாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டு, மாடு செத்து, அந்தப் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. தமிழ்நாட்டில் மிஞ்சி இருக்கிற கழுகுகளில் பெரும்பகுதி நம் மாயாறு, சீகூர் பள்ளத்தாக்கில்தான் பறக்கின்றன. கழுகுக்குக் கெடுதல் செய்யாதது என்று பரிசோதித்துச் சொன்ன மருந்து எது தெரியுமா? அதே மெலாக்சிகம்தான்.

முதலில் காலைப் பாருங்கள்

நொண்டுகிற நாய் எல்லாமே வாத நோயாளி இல்லை. காசு இல்லாமல் தீருகிற காரணங்களும் நிறைய. கிழ நாய் அதிகம் நடக்காது. அதனால் நகம் தேயாது. வளர்ந்து, வளைந்து, பாதத்துக்குள்ளேயே குத்தி நிற்கும். முக்கியமாக, தரையைத் தொடாத அந்தப் பக்கவாட்டு நகம். நகவெட்டியால் நுனி நுனியாக வெட்டினால், மறுநாளே பாதி நொண்டல் குறைந்ததைப் பார்க்கலாம். ரத்தம் வந்தால் சோள மாவை வைத்துத் துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

விரல் இடுக்கில் முள், கண்ணாடி, உண்ணி, அட்டைக் கடி, புண் இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் போய் வருகிற நாய் என்றால், காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி ரோமத்துக்குள் மறைந்து காலை அறுத்துக்கொண்டு இருக்கும். வலது காலையும் இடது காலையும் தடவி ஒப்பிட்டால் வீக்கம் தெரியும். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கி நொண்டும்; அதற்கு மாத்திரை உண்டு, குணமாகும்.

பார்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வலி உள்ள இடத்தைத் தொட்டால் வளர்த்த நாயும் கடிக்கும். பழைய துணியால் வாயை லேசாகக் கட்டிவிட்டுத் தொடுங்கள். எச்சில் ஒழுகுது, குரல் மாறியிருக்கு, தண்ணீர் விழுங்க முடியலை, பின்னங்கால் தள்ளாடுது என்றால் தொடவே தொடாதீர்கள். அது நொண்டல் இல்லை, வெறிநோயாக இருக்கலாம். கடிபட்டால் 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இனி வேண்டாம். ஆட்டு மூளையில் செய்த அந்தப் பழைய மருந்தை 2004-ம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் நிறுத்தியாகிவிட்டது. நாய்க்கடிக்கு ஊசி கண்ட ஊர் குன்னூர். இங்கே பாஸ்டர் நிலையம் 1907-ல் திறந்தது. அதற்கு முன்பு ஊசிக்கு இமயமலைப் பக்கம் கசௌலிக்கு ஓடணும்.

வாதம் என்றால் என்ன வழி?

காலையில் எழும்போது விறைப்பு, பத்து அடி நடந்ததும் கொஞ்சம் சரி, குளிரில் அதிகம் என்றால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நம் வீட்டுப் பாட்டிக்கு வருவதேதான். ஆறாயிரம் அடி உயரத்தில், பனிக் காலத்தில், சிமெண்டுத் தரையில் படுத்தால் எந்த மூட்டு தாங்கும்? இரண்டு சாக்கு, நடுவில் பழைய கம்பளி, தரையில் இருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பலகை. காற்று அடிக்காத மூலை. வழுக்குகிற தரையில் பழைய மிதியடி. நடை சிறிதாக, ஆனால் தினமும். எழ முடியாவிட்டால் துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடலாம்.

எடையைக் குறையுங்கள். இது மருந்தைவிடப் பெரிய மருந்து. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்து, ஆயுள் முழுக்கப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. குறைத்துச் சாப்பிட்ட நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூட வாழ்ந்தன. மூட்டு வாதமும் தாமதமாகத்தான் வந்தது. பிஸ்கட்டை நிறுத்தினால் காசும் மிச்சம்.

இன்னொன்று. கிழ நாயை ராத்திரி வெளியே விடாதீர்கள். நம் மலையில் சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. ஓட முடியாததைத்தான் முதலில் தூக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

காலைத் தரையிலேயே ஊன்றவில்லை, எலும்பு கோணியிருக்கு, இரண்டு பின்னங்காலும் இழுபடுது, மூத்திரம் போகலை என்றால் அன்றைக்கே டாக்டர். பெரிய ஜாதி நாய்க்கு மணிக்கட்டுக்கு மேலேயோ தோள் பக்கமோ கெட்டியான வீக்கம், வாரக்கணக்கில் நொண்டல் என்றால் எலும்புப் புற்றாக இருக்கலாம். தள்ளிப்போடக் கூடாது.

போகும்போது வெறும் கையோடு போகாமல், வீட்டில் அது நடக்கிறதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் பயத்தில் நாய் நொண்டாது, டாக்டருக்கு ஒன்றும் தெரியாது! காசு விஷயத்தை மறைக்கவும் வேண்டாம். "சார், கையில் இவ்வளவுதான் இருக்கு, முதலில் எது அவசியம்?" என்று கேட்டுவிடுங்கள். கையால் பார்த்து, எடைக்குத் தக்க மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்கிற டாக்டர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுத்தால் வைத்தியம் மாறுமா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தீராத வலி, சாப்பாடும் இல்லை என்றால், வலி தெரியாமல் ஊசி போட்டு அனுப்புவதையும் டாக்டரே செய்வார். கேட்கக் கஷ்டமான விஷயம். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வருவதைவிட அது மேல்.

தெருவில் பிறந்த நாய்க்கு? கருத்தடையும் தடுப்பு ஊசியும் 2023-ம் ஆண்டு விதிகளின்படி உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. ஜெகதளாவில் அது பேரூராட்சி. அடுத்த தடவை நாய் பிடிக்க வண்டி வரும்போது, நொண்டுகிறதையும் ஏற்றிக் காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் எப்படியும் அங்கே இருப்பார்.

அதுவரை ஒரு யோசனை. ஒரு தெருவில் நொண்டுகிற நாய் நாலு வீட்டில் இருக்கும். தனித்தனியாக நாலு ஆட்டோ எதற்கு? ஒரு பிக்கப் வண்டி பேசி, வாய்க்கட்டுப் போட்டு, நாலையும் ஏற்றிக் குன்னூருக்குப் போனால் வாடகை கால் பங்காகும். சந்தைக்கு காரட் மூட்டை அனுப்ப இதைத்தானே செய்கிறோம்?